வண்டியை எவ்வளவு தூக்கலாம்: கையைக் கடிக்காத லிஃப்ட், பெரிய டயர்

வண்டியைத் தூக்கிக் கட்ட நினைக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது லிஃப்ட் கிட்டின் விலையை. விசாரிக்க வேண்டியது டயரின் அளவு. லிஃப்ட் என்பது பெரிய டயருக்கு இடம் ஒதுக்கித் தரும் வேலை. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஜிப்ஸி, பழைய மகிந்திரா ஜீப், ஜிம்னி போன்றவற்றில் இரண்டு சக்கரங்களையும் ஒரே உறுதியான ஆக்சில் இணைக்கிறது. அதன் உடலில் கிரவுன் உட்கார்ந்திருக்கும் குண்டுப் பகுதிதான் தரைக்கு மிக அருகில் இருப்பது. ஸ்பிரிங்கை நான்கு இஞ்ச் உயர்த்தினாலும் சேசிஸும் பாடியும்தான் மேலே போகும். குண்டு இருந்த உயரத்திலேயே இருக்கும், கல்லில் முன்போலவே இடிக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. அதுவும் டயரின் விட்டம் எவ்வளவு கூடியதோ அதில் பாதி.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். டயரில் 245/75 ஆர்16 என்று இருந்தால் 245 என்பது மி.மீட்டரில் அகலம், 75 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 16 என்பது இஞ்சில் ரிம்மின் விட்டம். 245-இல் 75 சதவீதம் 184 மி.மீ.; மேலும் கீழும் சேர்த்து 368; 16 இஞ்ச் 406. ஆக மொத்த விட்டம் 774 மி.மீ. 2020-இல் வந்த மகிந்திரா தாரின் 16 இஞ்ச் ரிம் வகைக்குக் கம்பெனி போட்ட அளவு இது. அதே ரிம்மில் 265/75 போட்டால் 804 மி.மீ. விட்டம் கூடியது 30 மி.மீ.; தரையிலிருந்து ஏறுவது 15 மி.மீ. இந்த ஒன்றரை சென்டிமீட்டருக்காக ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-இல் போகும், பிக்கப் குறையும், டீசல் கூடும், ஸ்டெப்னியும் அதே அளவில் வாங்க வேண்டும். ஃபோர்வீல் வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால், அதைப் போட்டுக்கொண்டு ஃபோர்வீலில் ஓட்டும்போது கியர்பாக்ஸும் கிரவுனும் ஒன்றையொன்று முறுக்கும்.

அப்படியும் பெரிய டயர் வேண்டும் என்றால் மேலே படியுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் இந்த விஷயத்தில் உங்களுக்கு மிச்சமாகும் பணம் கணிசமானது.

வடசென்னையில் எதற்கு?

ராயபுரத்திலிருந்து காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என்று போகும் கடலோர நெடுஞ்சாலையில் பள்ளம் பறிப்பது மழை மட்டுமில்லை, துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களும்தான். இந்தப் பள்ளங்களுக்கு லிஃப்ட் மருந்தாகாது. நல்ல ஷாக் அப்சார்பரும், உட்கார்ந்து போகாத ஸ்பிரிங்கும், பக்கச்சுவர் உயரமான டயரும் போதும். 18 இஞ்ச் ரிம்மில் ஒல்லியான ரப்பர் போட்ட வண்டியைவிட 16 இஞ்ச் ரிம்மில் தடித்த ரப்பர் போட்ட வண்டி மணலி சாலையில் நிம்மதியாகப் போகும். லோடு வண்டிகளிலிருந்து விழும் இரும்புத் துண்டும் ஆணியும் இங்கே சாதாரணம் என்பதால், டயர் வாங்கும்போது பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிடப் பக்கச்சுவர் எத்தனை அடுக்கு என்று கேளுங்கள்.

காட்டுப்பள்ளியைத் தாண்டிப் பழவேற்காட்டுப் பக்கம் மணலில் போகிறவர்களுக்கு லிஃப்டைவிடக் காற்றைக் குறைப்பது நூறு மடங்கு பலன் தரும். வழக்கமாக 30-க்கு மேல் அடித்திருக்கும் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் நீளமாகப் படிந்து மணலில் புதையாமல் போகும். திரும்பத் தார்ச்சாலை ஏறியதும் அடித்துக்கொள்ள ஒரு சின்ன கம்ப்ரஸர் போதும். ஜனவரி தொடங்கிக் கோடை வரும்வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். கடற்கரை மணலில் அப்போது எந்த வண்டிக்கும் வேலை இல்லை.

வெள்ளத்துக்காகத் தூக்குகிறேன் என்பவர்கள் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இங்கே அதிகமாகிவிட்டார்கள். தண்ணீரில் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை முடிவு செய்வது எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாயின் உயரம். புதிய தாருக்குக் கம்பெனி சொல்லும் ஆழம் 650 மி.மீ.; 50 மி.மீ. லிஃப்ட் கட்டிவிட்டு அதை 700 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்று வாய் ஏறினாலும் ஆக்சில், கிரவுனின் மூச்சுக்குழாய், வீல் பேரிங் எல்லாம் பழைய உயரத்தில்தான் இருக்கின்றன. அந்த வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட தண்ணீரில் நின்ற வண்டி என்றால் சஸ்பென்ஷன் புஷ்களை ஒருமுறை பாருங்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் சாதாரண ரப்பர் ஊதிப் பிசுபிசுத்துவிடும். லிஃப்ட் கட்டுவதற்கு முன்பு புஷ் மாற்றுவதுதான் வரிசை.

முதலில் டேப், பிறகு எடை மேடை

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் ஹப்பின் மையத்திலிருந்து ஃபெண்டரின் விளிம்புவரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம். டயர் தேய்மானமும் காற்றும் அந்தக் கணக்கைக் குழப்பும். பத்துப் பதினைந்து வருட வண்டி என்றால் ஓட்டுநர் பக்கம் தாழ்ந்திருக்கும், பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். கம்பெனி உயரத்தைவிட இரண்டு இஞ்ச் தாழ்ந்துபோன ஜிப்ஸிக்கு இரண்டு இஞ்ச் லிஃப்ட் கிட் வாங்குகிறவர், கம்பெனி உயரத்தைக் கிட்டின் விலை கொடுத்து வாங்குகிறார். புதிய ஒரிஜினல் ஸ்பிரிங் அதைவிட மலிவு, சட்டச் சிக்கலும் கிடையாது.

அடுத்தது எடை. கடையில் ஸ்பிரிங் கேட்டால் 'ஸ்டாண்டர்டா, ஹெவியா?' என்பார்கள். ஆசை எப்போதும் ஹெவி பக்கம்தான் சாயும். வடசென்னையில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது: சரக்கு லாரிகளை நம்பி நடக்கும் எடை மேடைகள். டேங்க் நிரப்பி, வழக்கமாக ஏற்றும் ஆட்களையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு, முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு சீட்டு, முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டு வாங்குங்கள். கழித்தால் பின் ஆக்சிலின் எடை வந்துவிடும். இரும்பு பம்பரும் வின்ச்சும் கூரை கேரியரும் இல்லாத வண்டிக்கு ஹெவி ஸ்பிரிங் போட்டால் அது ஒருநாளும் இளகாது; பள்ளத்தில் சக்கரம் தரையைத் தொடாமல் தாவும், முதுகு வலிக்கும். அந்த இரண்டு சீட்டையும் ஸ்பிரிங் விற்பவரிடம் காட்டுங்கள். அதைப் பார்த்துப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

பட்டை வண்டிகள்

எண்ணூரில் அசோக் லேலண்ட் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. சென்னைத் துறைமுகம் அதற்கும் முன்பிருந்தே. லாரியைச் சுற்றி வளர்ந்த ஊர் என்பதால், ஸ்பிரிங் பட்டை கட்டும் பட்டறைகள் மாதவரம், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் தேடாமலே கண்ணில் படும். ஜிப்ஸி, எம்.எம். 540, மேஜர் போன்ற நான்கு பக்கமும் பட்டை வைத்த வண்டிக்காரர்களுக்கு இது வரம். 2010-இல் வந்த பழைய தார் டீசல் சி.ஆர்.டி.இ.க்குப் பின்பக்கம் மட்டும் பட்டை, பாதி வரம்.

ஆனால் பட்டறைக்காரரின் கணக்கு லாரிக் கணக்கு. "இன்னாண்ணா, ரெண்டு பட்டை சேத்துப் போட்டா தானா தூக்கிக்கப் போவுது" என்பார். தூக்கும், சந்தேகமில்லை. பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. அகலமும் நீளமும் ஒன்றாக இருந்தால், 10 மி.மீ. தடிமன் லாரிப் பட்டை ஒன்று 6 மி.மீ. ஜீப் பட்டை நான்கரைக்கும் மேலான விறைப்பு. அதில் இரண்டைச் சேர்த்தால் உங்கள் ஜீப் காலி லாரி மாதிரிக் குதிக்கும். பட்டை சேர்ப்பதானால் இருக்கிற கட்டின் தடிமனிலேயே, நீளத்தில் நடுவாந்தரமான ஒன்று போதும். குட்டைப் பட்டையைச் சேர்த்தால் அதன் முனை வரும் இடத்தில் பளு குவிந்து மேல்பட்டை அங்கேயே உடையும்.

இன்னொரு வழி, இருக்கும் பட்டைகளைக் கழற்றி மறுபடி வளைத்துக் கட்டுவது. இருப்பதிலேயே மலிவு, ஒழுங்காகச் செய்தால் நல்லதும்கூட. ஒழுங்கு என்பது இங்கே ஒரே ஒரு கேள்வி: உலையில் வைக்கிறீர்களா, சம்மட்டியால் மட்டும் அடிக்கிறீர்களா? குளிர்ந்த இரும்பை அடித்து வளைத்தால் சில மாதத்தில் பழையபடி உட்கார்ந்துவிடும். பட்டை முழுவதையும் உலையில் சூடேற்றி, வளைத்து, எண்ணெயில் முக்கி, பிறகு மிதமான சூட்டில் மறுபடி பதப்படுத்தினால்தான் ஸ்பிரிங்குக்குரிய குணம் நிற்கும். கடைசிப் படியை விட்டுவிட்டால் இரும்பு கண்ணாடி போல் நொறுங்கும் தன்மை பெறும். கேஸ் கட்டிங் தீயை எடுத்து ஒரே இடத்தில் காட்டி வளைக்கிறவர் பட்டறையிலிருந்து வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பட்டையில் வெல்டிங் வைப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ஷாக்கிளை நீளமாக்குவது மூன்றாவது வழி. ஷாக்கிள் 50 மி.மீ. நீண்டால் ஆக்சிலில் கிடைப்பது பாதி, 25 மி.மீ. பின்பக்கம் அளவோடு செய்தால் குற்றமில்லை. முன்பக்கம் செய்தால் ஆக்சில் சற்றே சுழன்று கேஸ்டர் கோணம் மாறும். அதன் அறிகுறி எளிது: வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராகாது, வேகத்தில் வண்டி இங்கும் அங்கும் அலையும். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே சரிவான இரும்பு ஆப்பு வைத்துக் கோணத்தைத் திருத்தலாம். ஆனால் அதே ஆப்பு ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணத்தையும் மாற்றும், கிராஸ் சீக்கிரம் போகும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கேட்கும் சமாச்சாரம் இது. எனவே முன்பக்க ஷாக்கிளைத் தொடாமல் விடுவதே என் விருப்பம்.

ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைப்பது பின்பக்கம் மட்டும், அதுவும் ஒற்றைக் கட்டை. ஒன்றின்மேல் ஒன்று அடுக்குகிறவர்களையும் முன்பக்கம் வைக்கிறவர்களையும் பார்க்கலாம். பிரேக் அடிக்கும்போது முன் ஆக்சில் முறுக்கிக்கொண்டு கட்டை நழுவினால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது.

மற்ற வண்டிகள்

பழைய தார் சி.ஆர்.டி.இ.யின் முன்பக்கம் டார்ஷன் பார். ஸ்பேனர் ஒன்றால் போல்ட்டை முறுக்கினால் வண்டி ஏறும். செலவு சுத்தமாக இல்லை. சக்கரம் கீழே தொங்க வேண்டிய தூரத்தைத் தின்றுதான் அந்த உயரம் வருகிறது. ஓர் இஞ்சுக்கு மேல் போனால் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை கிழியும், சவாரி கட்டையாகும். முறுக்கிய அன்றே வீல் அலைன்மென்ட் பார்த்துவிட வேண்டும்.

புதிய தாருக்கு முன்பக்கம் இரட்டை விஷ்போன், பின்பக்கம் காயில் ஸ்பிரிங்குடன் உறுதியான ஆக்சில். இங்கேதான் ஸ்பேசர் கிட் நடமாட்டம் அதிகம். ஷாக்கின் தலையில் வைக்கும் வட்டத் துண்டு அது. விலை சில ஆயிரங்களில் முடியும், ஸ்பிரிங்கும் ஷாக்கும் பழையதே. முன்பக்கம் ஷாக் கீழ்க்கையின் நடுவழியில் பொருந்தியிருப்பதால் 25 மி.மீ. துண்டு சக்கரத்தில் அதைவிடக் கூடுதலாக, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தூக்கிவிடும். '25' என்று விற்பதை 25 என்று நம்பி இரண்டு துண்டு வைத்தால் மேல் பால் ஜாயின்ட்டும் டிரைவ் ஷாஃப்டும் எல்லைக்குப் போய்விடும். ஒரு துண்டு, டயரில் ஓரளவு பெரியது, அத்துடன் நிறுத்திக்கொள்கிறவருக்கு ஸ்பேசர் தவறான தேர்வில்லை.

ஜிம்னிக்கு 195/80 ஆர்15-க்குப் பதில் 215/75 ஆர்15 போட லிஃப்டே தேவைப்படாது. விட்டம் கூடுவது 11 மி.மீ.தான். 235/75-க்குப் போனால் கூடுவது 40 மி.மீ.; அப்போது 50 மி.மீ. லிஃப்டும், பம்பர் ஓரத்தில் கொஞ்சம் பிளாஸ்டிக்கை அறுப்பதும் வேண்டியிருக்கும். பிளாஸ்டிக்கை அறுப்பது பலருக்கு மனசு வராத வேலை. ஆனால் ஓர் இஞ்ச் லிஃப்ட் தருகிற இடத்தைப் பத்து நிமிட அறுவை தந்துவிடும் வண்டிகள் உண்டு. காயில் வைத்த உறுதி ஆக்சில் வண்டியை 50 மி.மீ. உயர்த்தினால் பக்கவிளைவு இரண்டு: முன்பக்கக் கேஸ்டர் குறையும், குறுக்குக் கம்பி ஆக்சிலை ஒரு பக்கமாக இழுக்கும். கேஸ்டர் திருத்தும் புஷ்ஷும், நீளம் மாற்றக்கூடிய குறுக்குக் கம்பியும் கிட்டில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லாத கிட் மலிவாகத்தான் இருக்கும்.

ஸ்பிரிங், ஷாக் எல்லாம் சேர்ந்த முழு கிட், வெளிநாட்டுப் பெயர் என்றால், லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ போகும். கையில் அவ்வளவு இல்லாதபோது பாதியைப் பிரித்து வாங்குவதானால் ஷாக்கை முதலில் வாங்குங்கள். நல்ல ஷாக்குடன் பழைய ஸ்பிரிங் ஓடும். புதிய உயரமான ஸ்பிரிங்குக்குப் பழைய குட்டை ஷாக் போட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக்தான் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும், சில மாதத்தில் எண்ணெய் கக்கும். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே துண்டு வைக்கும் பாடி லிஃப்டை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஸ்டியரிங் கம்பி, ரேடியேட்டர் ஹோஸ், கியர் லிவர் எல்லாவற்றையும் இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

உப்புக்காற்று

பெருநகரின் மற்றப் பகுதிகளுக்கு எழுதப்பட்ட ஆலோசனைகள் இங்கே தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் வண்டியில் அலுமினிய ஸ்பேசரும் இரும்பு போல்ட்டும் ஒட்டியிருந்தால், நடுவில் உப்பு ஈரம் சேர்ந்து அலுமினியம் வெள்ளை மாவாக அரித்துவிடும். திருவொற்றியூர்க்காரர் பாலியூரித்தேன் துண்டைக் கேட்கலாம். அலுமினியம்தான் கிடைக்கிறது என்றால் அனோடைஸ் செய்ததாகப் பார்த்து, தொடும் முகங்களில் கிரீஸ் தடவிப் பொருத்தச் சொல்லலாம். ஸ்பிரிங்கின் பவுடர் பூச்சில் கல் பட்டுப் பெயர்ந்த இடத்தை உடனே பெயின்ட் தொட்டு மூடுங்கள். துருக்குழி விழுந்த இடத்தில்தான் ஸ்பிரிங் முறியும். பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் வைத்துக் கட்டுவது பழைய லாரிப் பழக்கம், அதை விடாதீர்கள். மணலில் போய்வந்த அன்று அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மறுநாள் என்பது இந்த ஊரில் தாமதம்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. லிஃப்ட் விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார். உட்கார்ந்த ஸ்பிரிங்கைக் கம்பெனி உயரத்துக்குக் கொண்டுவருவது பழுதுபார்ப்பு. டயரில், அதே மாடலின் உயர்ந்த வகைக்குக் கம்பெனியே போடும் அளவு பாதுகாப்பான எல்லை: 774 மி.மீ. டயர் உள்ள தார்க்காரர் ரிம்மையும் மாற்றி 255/65 ஆர்18-க்குப் போனால் 789 கிடைக்கும், ஆனால் பக்கச்சுவர் ஒல்லியாகும். அதற்கு மேல் போவதென்றால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் க்ளெய்ம் தகராறாகும். வாரன்டியும் அந்தப் பக்கம் போய்விடும்.

கட்டிய பிறகு

பட்டறையை விட்டு வெளியே வருவதற்குமுன் செய்ய வேண்டியவை சில. சேசிஸை ஜாக்கியில் உயர்த்தி சக்கரங்களைத் தொங்கவிட்டுப் பிரேக் ஹோஸைப் பாருங்கள். இழுத்த கம்பி போல் இருந்தால் நீள ஹோஸ் மாற்றாமல் ஓட்டக் கூடாது. பிறகு ஒரு சக்கரத்தை மேடேற்றி ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, டயர் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். உள்பக்கம் ஷாக்கிலோ பட்டையிலோ உரசினால் அது அகலத்தின் பிரச்சினை, இன்னும் தூக்கித் தீராது. ஸ்டியரிங் ஸ்டாப்பர் போல்ட்டைச் சற்று வெளியே எடுத்துத் திருப்பத்தைக் குறைக்கலாம். சக்கரம் முழுதாக மேலே போகும்போது ஃபெண்டரில் அடித்தால் பம்ப் ஸ்டாப்பை நீளமாக்க வேண்டும்.

ரப்பர் புஷ் உள்ள எந்த போல்ட்டையும் வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது இறுக்கச் சொல்லுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு சில மாதத்தில் கிழியும். பட்டறையில் இதைச் சொன்னால் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். கீழே படுத்து இறுக்குவது சிரமமான வேலை. யூ போல்ட் புதியதாகத்தான் போட வேண்டும், முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும்.

அலைன்மென்ட் முடிந்த கையோடு ஹெட்லைட்டையும் இறக்கிவிடுங்கள். முன்பக்கம் இரண்டு இஞ்ச் ஏறினால் வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் போகும். சுவர் முன்னால் வண்டியை நிறுத்தி, கட்டுவதற்கு முன்பே வெளிச்சத்தின் மேல்விளிம்பைச் சாக்பீஸால் குறித்து வைத்திருந்தால், கட்டிய பின் அதே தூரத்தில் நிறுத்தி ஹெட்லைட்டின் பின்னாலுள்ள திருகால் பழைய கோட்டுக்கு இறக்கிவிடலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.